கணினிக் கேள்வி–பதில்: விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு வரும் ஒவ்வாமைகள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனதிலிருந்து, இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. கணினி விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டது. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ஏதோ ஒன்று இன்று ஓட மறுக்கிறது. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். திரையில் தோன்றும் மெனுப் பெயர்களைத் தேடிப் பிடிக்க வசதியாக, ஆங்கில உச்சரிப்பிலேயே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பைக் கடையில் கொடுத்து, ஹார்ட் டிஸ்கை முழுவதும் அழித்து, விண்டோஸ் 11 போட்டு வாங்கினேன். பிரின்டரில் பிரச்சினை இல்லை. ஆனால் நிலப் பத்திரங்களையும் பழைய புகைப்படங்களையும் பதிவு செய்ய நான் பயன்படுத்திவந்த பழைய ஸ்கேனர் வேலை செய்யவில்லை. அதனுடன் வந்த சிடியில் இருக்கும் செட்டப் கோப்பை 'விண்டோஸ் 7' கம்பாட்டிபிலிட்டி மோடில் ஓட்டினேன். நிறுவல் வெற்றிகரமாக முடிந்ததாகவே சொல்கிறது. ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஸ்கேனர் இணைக்கப்படவில்லை என்கிறது. நண்பர் சொன்னபடி 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளையையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கம்பாட்டிபிலிட்டி மோடு என்பது, சுருங்கச் சொன்னால், நல்லெண்ணத்தோடு பொய் சொல்லும் ஓர் ஏற்பாடு. பழைய மென்பொருள் ஒன்று திறக்கப்படும்போது 'இங்கே ஓடுவது எந்த விண்டோஸ்' என்று கேட்கும். 'விண்டோஸ் 7' என்று அதற்குப் பதில் கொடுக்கப்படும். அந்தக் காலத்தில் விண்டோஸ் நடந்துகொண்ட விதங்கள் சிலவும் அதற்காக மட்டும் திரும்பக் கொண்டுவரப்படும். இந்த ஏமாற்று வேலை சாதாரண மென்பொருள்களிடம்தான் செல்லும். ஸ்கேனரையும் விண்டோஸையும் இணைக்கும் டிரைவரோ இயங்குதளத்தின் உட்கருவோடு சேர்ந்து ஓட வேண்டிய ஒன்று. அதனிடம் பொய் சொல்ல அங்கே இடையில் யாரும் இல்லை. உங்கள் சிடியில் இருந்த செட்டப் ஒரு மென்பொருள் என்பதால் அது ஏமாந்து, கோப்புகளையெல்லாம் நகலெடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. அது நகலெடுத்து வைத்த டிரைவரை ஏற்க விண்டோஸ் மறுத்துவிட்டது. நிறுவல் முடிந்தும் ஸ்கேனர் இல்லாமல் போன முரண்பாட்டுக்குக் காரணம் இதுதான். நண்பர் சொன்ன கட்டளை, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருந்தால் சரிசெய்வதற்கானது. புதிதாக நிறுவிய கணினியில் அவை சிதைந்திருக்கக் காரணமில்லை. எந்தக் கோளாறைச் சொன்னாலும் அந்தக் கட்டளையையே மருந்தாக எழுதிக் கொடுக்கும் பழக்கம் எப்படியோ பரவிவிட்டது.

இனி நீங்கள் பார்க்க வேண்டிய இடம் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கினால் அந்தப் பெயர் பட்டியலில் வரும். ஸ்கேனரை இணைத்து மின்சாரம் கொடுத்த நிலையில் அதைத் திறந்தால், 'இமேஜிங் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழோ 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழோ மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி இருக்கும். அதை இருமுறை சொடுக்கினால் வரும் பெட்டியில், 'டிவைஸ் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில், ஒரு வாக்கியமும் அதன் இறுதியில் ஒரு கோட் எண்ணும் இருக்கும். பலரும் இந்த எண்ணைப் படிக்காமலேயே பெட்டியை மூடிவிடுகிறார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

அது 28 என்று இருந்தால், இந்தக் கருவிக்கு டிரைவரே இல்லை என்று பொருள். விண்டோஸ் 10 வரை, பிராசசர் ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவைப் பொறுத்து, 32 பிட், 64 பிட் என இரண்டு வகைகள் இருந்தன. விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வெளிவருகிறது. நினைவகம் 4 ஜிபி மட்டுமே இருந்த கணினிகளில் 32 பிட் வகையை நிறுவிக் கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. உங்களுடையதும் அப்படி இருந்திருந்தால், சிடியில் உள்ள 32 பிட் டிரைவர் இனி எந்த வகையிலும் பயன்படாது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்குரிய பக்கத்தில், விண்டோஸ் 7, 8, 10 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 என்று அதில் எழுதியிராவிட்டாலும் பல சமயம் அது ஏற்கப்படும். செட்டப்பாக ஓட்டும்போது அது பதிப்பைக் காரணம் காட்டி நின்றுவிட்டால், 7-ஜிப் போன்ற மென்பொருளால் அந்தக் கோப்பைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டு, டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' என்று சென்று அந்த ஃபோல்டரைக் காட்டலாம். தயாரிப்பாளரின் தளம் தவிர வேறெங்கிருந்தும், குறிப்பாக 'எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களிலிருந்து, டிரைவர் எடுக்க வேண்டாம்.

எண் 39 என்றிருந்தாலோ, 'இந்தக் கருவியில் ஒரு டிரைவர் ஏற முடியவில்லை' என்ற பொருளில் திரையில் அறிவிப்பு வந்தாலோ, டிரைவர் இருக்கிறது, ஆனால் காவல் அதை உள்ளே விடவில்லை என்று கொள்ளலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, 'டிவைஸ் செக்யூரிட்டி', அதில் 'கோர் ஐசொலேஷன் டீடெயில்ஸ்' என்று செல்லுங்கள். அங்கே 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற ஒரு சுவிட்ச் இருக்கும். உட்கருவுக்குள் நுழையும் ஒவ்வொரு நிரல் துண்டையும் தனித்து ஒதுக்கப்பட்ட இடத்தில் வைத்துச் சோதிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இது. விண்டோஸ் 10-லேயே இருந்த ஏற்பாடுதான் என்றாலும் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அணைந்தே கிடந்தது. விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது, தகுதியுள்ள கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. அதை அணைத்துக் கணினியை மறுபடி தொடங்கினால் பழைய டிரைவர் ஏறிவிட வாய்ப்புண்டு என்பது உண்மைதான். இருந்தாலும், அதே கணினியில் வங்கிப் பரிவர்த்தனையும் வருமான வரித் தாக்கலும் நடக்கும் என்றால், ஒரு ஸ்கேனருக்காக அந்தக் காவலை நிரந்தரமாக நீக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக இரண்டு வழிகளை முயன்று பார்க்கலாம். முதலாவது, வியூஸ்கேன் என்ற மென்பொருள். தயாரிப்பாளர்கள் கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் ஏராளமானவற்றுக்கு அது தானே டிரைவர் வைத்திருக்கிறது. அது விலைக்குரியது, ஆனால் சோதனைப் பதிப்பு, படத்தின் மேல் அடையாளக் குறி பதித்து ஸ்கேன் செய்து காட்டும் என்பதால், உங்கள் ஸ்கேனரை அது அறிந்துகொள்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டலாம். இரண்டாவது, செலவில்லாதது: லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் எழுதி, கணினியில் எதையும் நிறுவாமல், அதிலிருந்தே தொடங்கி, அதிலுள்ள 'டாக்யுமென்ட் ஸ்கேனர்' என்ற செயலியைத் திறந்து பாருங்கள். பழைய ஸ்கேனர்களைப் பொறுத்தவரை விண்டோஸைவிட லினக்ஸின் நினைவாற்றல் நீண்டது. இவ்வாறு ஓட்டும்போது ஸ்கேன் செய்த படங்களை இன்னொரு பென் டிரைவில் சேமிக்க வேண்டும். இல்லையெனில் கணினியை நிறுத்தியதும் அவையும் மறைந்துவிடும். இரண்டும் பலிக்கவில்லை என்றால் ஸ்கேனரை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

கேள்வி: கணினியை மாற்றும்போது மானிட்டரையும் பெரிதாக வாங்கினோம். எல்லாம் தெளிவாக இருக்கிறது. பத்து ஆண்டுகளாகப் பயன்படுத்தும் தையல் வடிவமைப்பு மென்பொருள் மட்டும் கண்ணாடியில் நீர் படிந்ததுபோல மங்கித் தெரிகிறது.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இது ஏமாற்று வேலை பலிக்கும் வகையைச் சேர்ந்த கோளாறு. அடர்த்தி மிகுந்த திரைகள் பரவலாவதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருள் தன் சாளரத்தைச் சிறிய அளவில் வரைகிறது. விண்டோஸ் அதை ஒரு படத்தைப் பெரிதாக்குவது போலப் பெரிதாக்குகிறது. அதனால் எழுத்து மங்குகிறது. மென்பொருளின் ஐகானை வலது சொடுக்கி 'பிராபர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று சென்று, கீழே 'ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்' என்ற கட்டத்தில் குறியிட்டு, பட்டியலில் 'சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து தெளிவாகி, பொத்தான்கள் இடம் மாறித் தெரிந்தால் 'சிஸ்டம்' என்று மட்டும் இருப்பதற்குத் திரும்பிவிடுங்கள். மங்கல் இருக்கும், வேலை கெடாது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மகன் என் கணினியில் புதிய எஸ்எஸ்டி பொருத்தி அதில் விண்டோஸ் 11 நிறுவித் தந்தார். பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ளேயே இருக்கிறது. இருபது ஆண்டுகளாக நான் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகளைத் திறந்தால் சில கோப்புகள் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. வேறு சில தமிழாகத் தெரிந்தாலும் எழுத்து வடிவம் மாறி, பக்கங்கள் கூடிக் குறைந்திருக்கின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா? இன்னொன்று: நான் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வேர்டில் எழுதுகிறது, பழைய அகராதி மென்பொருள் ஒன்றில் மட்டும் ஆங்கிலமாகவே விழுகிறது.
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கோப்புகள் கெடவில்லை, ஐயா. அவற்றில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ஏனெனில் கெட்டுவிட்டன என்ற அச்சத்தில் அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கும்போதுதான் உண்மையான சேதம் நேர்கிறது.

ஆங்கில எழுத்துகளாகத் தெரிபவை பாமினி அல்லது அதன் உறவினரான எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். அந்த எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதும்போது கோப்பில் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். பாமினி அந்தக் குறிகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை நீங்கி உள்ளிருப்பது தெரிகிறது. மாறாக, தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால், அவை டிஸ்கி அல்லது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் போன்ற குறியீடுகளில் எழுதப்பட்டவை. எது எது என்று ஊகிக்கத் தேவையில்லை: வேர்டில் அந்தப் பத்தியின்மேல் கர்சரை வைத்தால், எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை மேலே உள்ள கட்டத்தில் வேர்டு காட்டிவிடும்.

பெயர் தெரிந்த பின், எழுத்துருவைப் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதன் விண்டோஸ் ஃபோல்டரில் நின்றுகொண்டு, வலது மேல் மூலையிலுள்ள தேடல் கட்டத்தில் எழுத்துருவின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், டிடிஎஃப் என்று முடியும் கோப்பு கிடைக்கும். அதை மேசைத்திரைக்கு நகலெடுத்து, வலது சொடுக்கி, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதன் உள்ளே இருக்கும் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' என்று கொடுத்தால் அது உங்கள் கணக்குக்கு மட்டும் உரிய தனி ஃபோல்டரில் போய் அமரும். பழைய மென்பொருள்கள் சில அந்த இடத்தை அறியாதவை, ஆகவே எழுத்துருவை நிறுவியும் பட்டியலில் காணோமே என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

தமிழாகவே தெரிந்து, வடிவம் மட்டும் மாறிய கோப்புகள் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிவு செய்யும் பொதுக் குறியீட்டில், எழுதப்பட்டவை. பெரும்பாலும் லதா எழுத்துருவில் இருந்திருக்கும். விண்டோஸ் 2000 முதல் தமிழுக்கென்று கூடவே வந்த லதாவும், விண்டோஸ் 7-இல் சேர்ந்த விஜயாவும், விண்டோஸ் 10 முதல் கூடுதல் வசதிகளின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. அவை இல்லாத இடத்தில் நிர்மலா யுஐ எழுத்துரு வந்து நிற்கிறது. அதன் வரி உயரமும் அகலமும் வேறு என்பதால் பக்கங்கள் கூடிக் குறைகின்றன. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று சென்று, சேர்க்கக்கூடிய வசதிகளின் பட்டியலில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் இறங்கிவிடும். சிறிய கோப்புதான், இணைய இணைப்பு மட்டும் வேண்டும்.

பாமினிக் கட்டுரைகளை நாளடைவில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. அப்போதுதான் அவற்றுக்குள் தேடவும் மின்னஞ்சலில் அனுப்பவும் இயலும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கு உண்டு. ஆனால் கட்டுரையின் நடுவே ஆங்கிலச் சொல்லோ நூற்பெயரோ இருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று கருதித் தமிழெழுத்துக் குவியலாக்கிவிடும். தடித்த எழுத்து, அடிக்குறிப்பு போன்ற அமைப்புகளும் வெட்டி ஒட்டும் வழியில் போய்விடும். ஆகையால் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நகலில் மாற்றி, கண்ணால் ஒருமுறை படித்துச் சரிபாருங்கள். தமிழாசிரியரிடம் இதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், சொல்லாமல் விடவும் மனமில்லை.

அகராதி மென்பொருளின் விஷயம் வேறு. அது திறக்க மறுத்தபோது, யாரேனும் அதன் பிராபர்ட்டீஸில் 'ரன் திஸ் புரோகிராம் ஆஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கக்கூடும். சாதாரண உரிமையோடு ஓடும் ஒரு மென்பொருள், உயர்ந்த உரிமையோடு ஓடும் இன்னொன்றின் விசை அழுத்தங்களில் தலையிடுவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. தட்டச்சு மென்பொருள்கள் செய்வது துல்லியமாக அந்தத் தலையீட்டைத்தான். அந்தக் குறியை எடுத்துவிட்டு அகராதி திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் தட்டச்சு மென்பொருளையும் அதே உரிமையோடு தொடங்குங்கள். யூனிகோடை ஏற்கும் மென்பொருளாக இருந்தால், விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 அல்லது அஞ்சல் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வது இந்தத் தொல்லையே இல்லாத வழி. கடைசியாக ஓர் எச்சரிக்கை: மொழி அமைப்புகளில் 'உலகளாவிய மொழிகளுக்கு யூனிகோடு யுடிஎஃப்-8 பயன்படுத்துக' என்ற பொருளில், பீட்டா என்ற குறிப்போடு ஒரு கட்டம் இருக்கும். யூனிகோடு என்ற பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு நல்லது என்று அதில் குறியிடுபவர்கள் உண்டு. டிஸ்கி, டாப் போன்றவற்றை நம்பி ஓடும் பழைய மென்பொருள்களின் எழுத்துகளை அது குலைத்துவிடும். யாரேனும் குறியிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தை நடத்திய பலசரக்கு மொத்த வியாபாரத்தின் கணக்குகள், ஃபாக்ஸ்புரோவில் எழுதிய ஒரு டாஸ் மென்பொருளில் இருக்கின்றன. ஜிஎஸ்டி வந்த பிறகு வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டோம். எனினும் பழைய வாடிக்கையாளர்களின் கணக்கை எப்போதாவது பார்க்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 11-இல் திறந்தால் 'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி' என்கிறது. எந்த மோடு கொடுத்தால் ஓடும்?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: எந்த மோடு கொடுத்தாலும் ஓடாது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதிய மென்பொருள்கள் 16 பிட் காலத்தவை. 386 பிராசசர் காலம் தொட்டு அவற்றைச் சுமந்துவந்தது மெய்நிகர் 8086 என்ற ஏற்பாடு. பிராசசர் 64 பிட் நிலையில் ஓடும்போது அந்த ஏற்பாடு அதற்குள்ளேயே கிடைப்பதில்லை. அதனால்தான் 32 பிட் விண்டோஸ் 10 வரை ஓடிய உங்கள் மென்பொருள் இங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. தொண்ணூறுகளில் வாங்கிய கலைக்களஞ்சிய சிடிகளும் குழந்தைகளுக்கான பாட சிடிகளும் இதே செய்தியைக் காட்டுவதாக எழுதியுள்ள மற்ற வாசகர்களுக்கும் இதுவே காரணம். அவற்றில் சில 32 பிட் மென்பொருள்களே என்றாலும், அவற்றை நிறுவும் செட்டப் 16 பிட்டாக எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் தேவையைக் கூர்ந்து பார்த்தால் மென்பொருள் ஓட வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றுகிறது. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை 1-க்குப் பிறகு அதில் புதிய பதிவு எதுவும் நுழைந்திருக்காது. பழையதைப் பார்த்தால் போதும். ஃபாக்ஸ்புரோ தன் தரவை டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில் வைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க், அந்தக் கோப்புகளை நேரடியாகத் திறந்து வரிசையும் பத்தியுமாகக் காட்டிவிடும். திறக்கும்போது எழுத்துக் குறியீடு எது என்று ஒரு பெட்டியில் கேட்கும். பெயர்களும் தொகைகளும் ஆங்கிலத்தில் இருந்தால் அது முன்னிறுத்துவதையே ஏற்றுக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பட்டியல் ஒரு கோப்பிலும், பற்று வரவு இன்னொன்றிலும், இரண்டையும் இணைக்கும் குறியீட்டு எண் இரண்டிலும் இருப்பதைக் காண்பீர்கள். பார்த்து முடித்ததும் டிபிஎஃப் ஆகத் திரும்பச் சேமிக்காதீர்கள். அதனோடு இணைந்த இண்டெக்ஸ் கோப்புக்கும் தரவுக்கும் பொருத்தம் கெட்டுப்போகக்கூடும். வேறு பெயரில், கால்க்கின் சொந்த வடிவத்தில் சேமியுங்கள். நகலின்மீது மட்டுமே இதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பேரேடு அப்பா காலத்து வடிவத்திலேயே அச்சாக வேண்டும் என்றால் மட்டும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பக்கம் போகலாம். டாஸ் கணினி ஒன்றையே மென்பொருளால் உருவகித்துக் காட்டும் ஏற்பாடு அது. மூத்ததான டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அலுவலக மென்பொருள்களுக்கு வேண்டிய அச்சு வசதி போன்றவை டாஸ்பாக்ஸ்-எக்ஸில்தான் இருக்கின்றன. கணக்கு இருக்கும் ஃபோல்டரை அதில் 'மவுன்ட்' கட்டளையால் சி டிரைவாகக் காட்டி, மென்பொருளை வழக்கம்போலத் தொடங்கலாம்.

கேள்வி: வீட்டு சிசிடிவி பெட்டியின் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே திறக்கும். விண்டோஸ் 11-இல் எக்ஸ்புளோரரே இல்லையே?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: தனி மென்பொருளாக இல்லை, எட்ஜ் உலாவிக்குள் ஒரு மோடாக இருக்கிறது, குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. எட்ஜின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' என்ற பகுதியில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மோடில் தளங்களை மறுபடி ஏற்ற அனுமதிக்கும் வரியை 'அலவ்' என்று மாற்றி, எட்ஜை மூடித் திறந்து, அதே இடத்தில் உங்கள் பெட்டியின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்த்த முகவரி 30 நாள் மட்டுமே நிற்கும். ஒரு மாதம் கழித்துப் படம் வராமல் போனால் பெட்டி பழுதாகிவிட்டது என்று ஆளை அழைக்காமல், அதை மறுபடி சேருங்கள். வீட்டு வைஃபைக்குள் பார்க்க மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்புளோரருக்குள் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை நிரலைக் கேட்கும் அளவுக்குப் பழைய பெட்டியை வெளி இணையத்திலிருந்து திறக்குமாறு வைப்பது, வீட்டைக் காக்க வைத்த கேமராவை ஊருக்குத் திறந்து வைப்பதாகும்.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மாறி மூன்று வாரமாகிறது. பிடிக்கவில்லை. 10-க்கே திரும்ப முடியுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெகவரி' என்ற இடத்தில் உள்ள 'கோ பேக்' பொத்தான், வேறு ஏற்பாடு செய்யாதவரை, 10 நாள் மட்டுமே உயிரோடிருக்கும். பழைய இயங்குதளத்தைச் சேமித்து வைத்த 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் அதன் பிறகு தானாக நீக்கப்படும். இனித் திரும்புவதென்றால் எல்லாவற்றையும் அழித்து 10-ஐப் புதிதாக நிறுவ வேண்டும். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால்கூட, வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவிக்கப்பட்டது. பிடிக்காமல் போனது டாஸ்க்பாரும் மெனுவும் மட்டும் என்றால் அத்தனை பாடு தேவையில்லை. இன்றியமையாத ஒரு கருவி ஓடவில்லை என்றால், அது என்ன கருவி என்று விவரமாக எழுதுங்கள்; பார்ப்போம்.

கேள்வி: புதிதாக விண்டோஸ் 11 நிறுவிய மடிக்கணினியில் தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட்டை ஓட்டினேன். கணினி மறுபடி தொடங்கியதும் நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நிற்கிறது. நான் எந்தக் கடவுச்சொல்லும் வைக்கவில்லை.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும் பல கணினிகளில் டிரைவ் பிட்லாக்கர் என்ற குறியாக்க ஏற்பாட்டால் தானாகவே பூட்டப்பட்டு, சாவி டிபிஎம் என்ற சில்லில் வைக்கப்படுகிறது. கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் மாறியதும் அந்தச் சில், இது அதே கணினிதானா என்று ஐயுற்றுச் சாவியைக் கொடுக்க மறுக்கிறது. எண்ணைத் தேட வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ, நிறுவும்போது பயன்படுத்திய அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் கருவிகளின் பட்டியலில் 'பிட்லாக்கர் ரெகவரி கீஸ்' என்ற பகுதியைத் திறங்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு உரியதைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரரே நிறுவிக் கொடுத்திருந்தால் அவருடைய கணக்கில்கூட அது இருக்கலாம். ஆகவே அவரையும் கேளுங்கள். எங்கும் கிடைக்கவில்லை என்றால் டிரைவை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமே தவிர, உள்ளிருக்கும் கோப்புகளை மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர இயலாது. ஸ்கேனருக்காகவோ வேறெதற்காகவோ பயாஸ் அமைப்புகளைத் தொடவிருக்கும் மற்ற வாசகர்கள், அதற்கு முன்பே இந்த எண்ணைத் தேடியெடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும்.